செர்வன்டுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறது?

அலாவுதீன் விளக்கில் இருக்கும் பூதம் என்ன சாப்பிடும்? அலாவுதீன் வீட்டுக்கு வெள்ளித் தட்டுகளில் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறது, ஒரே ராத்திரியில் அரண்மனை கட்டுகிறது. அந்தச் செலவெல்லாம் யார் கணக்கில் போகிறது என்று கதையில் ஒரு வரி கிடையாது. விளக்கைத் தேய்த்தவன் களைத்துப் போனதாகக்கூட இல்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதுகிறவன். பவர் டேபிள் பீஸ் ரேட், செக்கிங் ஷிப்ட் சம்பளம், காண்ட்ராக்டர் பில், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., சனிக்கிழமை பட்டுவாடா. இதிலேயே உழல்கிறவனுக்கு மாயாஜாலக் கதையைக் கொடுத்தாலும் புத்தி அங்கேதான் போகும். அதனால்தான் அக்கா மகன் கல்லூரி லீவில் வந்து டிவியில் ஃபேட் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் போட்டுக் காட்டியபோது நான் சண்டையை விட்டுவிட்டு, “இவனுக்கு யாருடா சோறு போடறது?” என்று கேட்டேன். “மாமா, நீங்க கேட்டதுதான் கதையே” என்றான். உண்மையாகவே அதுதான் கதை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. டைப்-மூன் என்ற ஜப்பானியக் குழு, கினோகோ நாசு எழுத்தில், 2004 ஜனவரியில் ஃபேட்/ஸ்டே நைட் என்ற கணினிக் கதை விளையாட்டை வெளியிட்டது. ஃபுயுகி என்று ஒரு கற்பனை ஊர். அங்கே ஐன்ஸ்பெர்ன், மாகிரி, தோசாகா என்ற மூன்று மந்திரவாதக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சடங்கை அமைத்திருக்கிறார்கள். ஏழு மந்திரவாதிகள் ஆளுக்கு ஒரு வீரனின் ஆவியை வரவழைப்பார்கள். வரவழைத்தவர் மாஸ்டர், வந்தது செர்வன்ட். ஏழு பேரும் மோதிக்கொள்ள வேண்டும். கடைசியில் நிற்கும் ஜோடிக்கு நினைத்ததைத் தரும் கிண்ணம் கிடைக்கும். வருகிற ஆவிகள் சாதாரண ஆட்கள் இல்லை. ஹெராக்ளிஸ், அலெக்சாண்டர், கில்காமெஷ், ஆர்தர் அரசர் மாதிரி சரித்திரமும் புராணமும் கலந்த பெரிய தலைகள். ஆர்தர் இங்கே பெண், அது தனிக் கதை.

ஒவ்வொருவரையும் ஒரு வேலைப் பிரிவில் அடைத்துத்தான் கீழே இறக்க முடியும். வாள் என்றால் சேபர், ஈட்டி என்றால் லான்சர், வில் என்றால் ஆர்ச்சர், அப்புறம் ரைடர், காஸ்டர், அசாசின், வெறி பிடித்த பெர்செர்கர். ஒரே வீரன் எந்தப் பிரிவில் வருகிறானோ அதற்கேற்ற ஆயுதத்தோடு மட்டும்தான் வருவான். எங்கள் கம்பெனியிலும் ஓவர்லாக் டெய்லர் என்று பதிந்தால் அவருக்குக் கட்டிங் தெரியும் என்பது ரிஜிஸ்டரில் ஏறாது.

இப்போது சம்பள விஷயம். அந்தப் பெரிய ஆவியை மேலிருந்து இழுத்துக்கொண்டு வரும் செலவைக் கிண்ணமே ஏற்றுக்கொள்கிறது. எந்த மனிதனாலும் அதைத் தாங்க முடியாது. ஆனால் வந்த பிறகு செர்வன்ட் இந்த உலகத்தில் உடம்போடு நிற்க ஒவ்வொரு நிமிடமும் மானா செலவாகும். மானா என்றால் மந்திர சக்தி, உயிர்ச்சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மாஸ்டர் தன் உடம்பிலிருந்து கொடுக்க வேண்டும். மாஸ்டர் செத்தால் வரத்து நின்றுவிடும், செர்வன்டும் சீக்கிரமே கரைந்துபோகும். ஆர்ச்சர்களுக்கு மட்டும் தனித்து இயங்கும் சலுகை உண்டு. முதலாளி இல்லாமலும் கொஞ்ச காலம் ஓட்டுவார்கள்.

சண்டை இல்லாத நேரத்தில் உடம்பைக் கலைத்து ஆவியாக இருந்தால் செலவு குறையும். சேபராக வந்த ஆர்தருக்கு அதுவும் முடியாது. அவளுடைய மாஸ்டர் ஷிரோ அரைகுறை மந்திரவாதி, அவனிடமிருந்து சக்தி ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. ஆகவே ஆர்தர் அரசர் என்ன செய்கிறார் என்றால் பகலெல்லாம் தூங்கி மிச்சம் பிடிக்கிறார், மூன்று வேளையும் வளைத்துக் கட்டிச் சாப்பிடுகிறார். ரசிகர்கள் சேபரின் பசியை வைத்து எத்தனையோ கேலி செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளம் பாதிதான் வருகிறது, அந்த வீட்டுச் சாப்பாட்டையாவது விடாமல் சாப்பிட்டுவிடுவோம் என்கிற கணக்கு அது.

அடுத்தது கட்டளை. மாஸ்டரின் கையில் சிவப்பாக ஒரு முத்திரை இருக்கும். கமாண்ட் சீல். மாகிரி குடும்பத்தின் கிழவர் கண்டுபிடித்தது. மூன்று தடவை பயன்படுத்தலாம். ஒவ்வொரு தடவையும் செர்வன்ட் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சொன்னதைச் செய்தே ஆக வேண்டும். பலபேர் இதைச் சாட்டை என்று மட்டும் பார்க்கிறார்கள். அதில் அடங்கியிருக்கும் சக்தியை செர்வன்டின் பலத்தை ஏற்றவும் பயன்படுத்தலாம். “இங்கே வா” என்று சொன்னால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கண நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

இதில் ஓர் அழகான விதி இருக்கிறது. கட்டளை குறுகலாக, உடனடியாக இருந்தால் வலு அதிகம். “எப்போதும் நான் சொல்வதைக் கேள்” என்று அகலமாகச் சொன்னால் வலு கரைந்துவிடும். ரின் என்ற கெட்டிக்காரப் பெண் கோபத்தில் முதல் நாளே ஒரு சீலை அப்படிச் செலவழித்துவிடுகிறாள். அவளுக்குச் சக்தி அதிகம் என்பதால் அதற்கும் கொஞ்சம் பலன் கிடைக்கிறது, அவளுடைய செர்வன்டான ஆர்ச்சருக்கு அவளை மீறினால் உடம்பு சுணங்குகிறது. மற்றவர்கள் செய்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. “கம்பெனி நலனுக்காக எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும்” என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கும், “மூணாவது லைன், இன்னைக்கு ஏழு மணி வரை ஓவர்டைம்” என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இனிமேல் கதையின் முடிச்சுகளைச் சொல்லப்போகிறேன். பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஃபேட்/ஜீரோ, ஸ்டே நைட்டுக்குப் பத்து வருடம் முன்பு நடந்த சண்டையைச் சொல்கிறது. அதில் லண்டனிலிருந்து வரும் கெய்னெத் என்ற பேராசிரியர் ஒரு காரியம் செய்கிறார். கட்டளையிடும் சீலைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தன் செர்வன்டான லான்சருக்கு மானா கொடுக்கும் பொறுப்பைத் தனக்கு நிச்சயமான பெண் சோலா-உய் மேல் தள்ளிவிடுகிறார். தன் சக்தி முழுவதும் தன் சண்டைக்கு மிச்சம். கேட்டபோது எனக்கு உடனே உறைத்தது. ஆர்டர் போடுவது ஒருவர், கூலி கொடுப்பது இன்னொருவர். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 21ஆம் பிரிவை நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம்: காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளிதான் தர வேண்டும். இப்படி இரண்டாகப் பிரியும் இடத்தில் என்னென்ன வரும் என்று தெரிந்துதான் அந்தப் பிரிவை வைத்தார்கள். கெய்னெத்துக்கும் அதுதான் வந்தது. சோறு போடுகிறவள் நானென்றால் அதிகாரம் ஏன் அவரிடம் என்று சோலா-உய்க்குத் தோன்ற வெகு நாள் ஆகவில்லை. லான்சர் மேல் அவளுக்கு மையலும் வந்துவிடுகிறது. கெய்னெத் அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது அவர் விரலை முறித்து சீலைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறாள்.

லான்சர் நிலைமை ரொம்ப மோசம். டீர்முட் என்ற அயர்லாந்துப் புராண வீரன். உயிரோடு இருந்தபோது தலைவனுக்கு நிச்சயமான பெண்ணோடு ஓட நேர்ந்தவன்; இந்த முறையாவது ஒரு தலைவனுக்குக் கடைசிவரை விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவன் ஆசை. கிண்ணம்கூட வேண்டாம் என்கிறான். சம்பளம் வேண்டாம் என்று ஓர் ஆள் வேலைக்கு வந்தால் எந்த முதலாளிக்கும் சந்தேகம்தான் வரும். கெய்னெத்துக்கும் வந்தது. கடைசியில் கிரிட்சுகு என்ற எதிரி, சோலா-உய்யைப் பிணையாக வைத்துக்கொண்டு கெய்னெத்திடம் ஒரு மந்திரப் பத்திரத்தை நீட்டுகிறான் (அதற்குள் கெய்னெத்துக்கு வேறொரு சீல் கிடைத்திருக்கிறது). கையில் இருக்கும் சீலைச் செலவழித்து உன் செர்வன்டைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல், அதற்குப் பிறகு உங்கள் இருவரையும் நான் கொல்லவோ காயப்படுத்தவோ மாட்டேன். கையெழுத்துப் போட்டவனை அந்தப் பத்திரம் உயிரோடு கட்டும், மீற வழியே கிடையாது. கெய்னெத் சொன்னபடி செய்கிறார். லான்சர் தன் ஈட்டியாலேயே குத்திக்கொண்டு எல்லோரையும் சபித்துச் சாகிறான். அப்புறம் கிரிட்சுகுவின் உதவியாள் மாயா தூரத்திலிருந்து சுடுகிறாள். பத்திரத்தில் கட்டுப்பட்டவன் கிரிட்சுகு. மாயாவின் பெயர் அதில் இல்லை. அந்தக் காட்சியை நிறுத்தி, பத்திரத்தின் வாசகத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அதே கதையில் கரியா வருகிறான். மந்திரப் பயிற்சியை விட்டு ஓடிப்போனவன், ஒரு சிறுமியைக் காப்பாற்றத் திரும்பி வருகிறான். உடம்பில் மந்திர சக்தி கிடையாது. ஆகவே புழுக்களை உள்ளே விட்டு, தன் சதையை அவற்றுக்குக் கொடுத்து சக்தி எடுக்கிறான். முடி நரைத்துப் பாதி முகம் செத்துவிட்டது. அவனுக்குப் பெர்செர்கரைக் கட்டிவிடுகிறார் அந்த மாகிரி வீட்டுக் கிழவர். வெறியேற்றினால் பலம் கூடும், கூடவே மானாச் செலவும் பயங்கரமாகக் கூடும். முந்தைய சண்டைகளில் பெர்செர்கரை வைத்திருந்தவர்கள் சக்தி தீர்ந்துதான் செத்தார்கள் என்று கதையிலேயே வருகிறது. பெர்செர்கர் எதிரியைப் பார்த்து உறுமிக்கொண்டு பாயும் ஒவ்வொரு முறையும் கரியா எங்கோ ஒரு சாக்கடைச் சுவரில் சாய்ந்து ரத்தம் கக்குகிறான். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இங்கே அடியைப் பார்க்கும்போதே அதன் பில்லும் கண்ணுக்குத் தெரிகிறது.

கொடுக்க முடியாத மாஸ்டர்களிடம் மாட்டும் செர்வன்டுகள் வேறு வழி தேடுவார்கள். ஸ்டே நைட்டில் கிரேக்கப் புராணத்து மெடியா காஸ்டராக வருகிறாள். அவளுடைய மாஸ்டர் குசுகி ஒரு பள்ளி ஆசிரியர், மந்திரமே தெரியாது. அவள் மலைமேல் ஒரு கோயிலில் உட்கார்ந்துகொண்டு ஊர்க்காரர்களின் உயிர்ச்சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறாள். ஊரில் மயங்கி விழுகிறவர்கள் செய்தியில் வருகிறார்கள், எரிவாயுக் கசிவு என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். ரைடர் விஷயம் இன்னும் சுவாரசியம். ஷின்ஜி என்பவன் மாஸ்டர் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறான், ஆனால் அவன் பினாமி. உண்மையான மாஸ்டர் அவன் தங்கை. ஷின்ஜியிடம் சக்தி இல்லாததால் ரைடர் ஒரு பள்ளிக்கூடத்தையே வளைத்துப் பிள்ளைகளை உறிஞ்சும் வேலியைப் போடுகிறாள்.

ஃபேட்/அபோக்ரிஃபாவில் இது தொழிற்சாலை அளவுக்குப் போய்விட்டது. ருமேனியாவில் டிரிஃபாஸ் என்ற ஊர், அங்கே யிக்ட்மில்லெனியா என்ற குலம். தங்கள் செர்வன்டுகளுக்குச் சக்தி கொடுத்துத் தாங்கள் களைக்கக் கூடாது என்பதற்காக, செயற்கையாக மனிதர்களை உண்டாக்கிக் கண்ணாடித் தொட்டிகளில் மிதக்கவிட்டு அவர்களிடமிருந்து உறிஞ்சுகிறார்கள். தொட்டியில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தீர்ந்துபோவார்கள். அதில் ஒருவன் விழித்துக்கொண்டு கண்ணாடியை உடைத்து வெளியே வருகிறான். பிறகு அவனுக்கு சீக் என்று பெயர் வருகிறது. அவன்தான் நாயகன். இரண்டு அணி, பதினான்கு செர்வன்ட், வானத்தில் மிதக்கும் தோட்டம் என்று கதை எங்கெங்கோ அலைந்தாலும், எனக்கு அந்தத் தொட்டி அறைக்குத் திரும்பினால் போதும் என்றிருந்தது. பலர் இந்தத் தொடரை மட்டம் என்பார்கள். நடுவில் இழுவை என்பது வாஸ்தவம். ஆனால் கூலிக் கணக்கை இவ்வளவு நேராக வைத்த பகுதி வேறு இல்லை.

அதே தொடரில் டிராகுலாக் கதைக்கு மூலமான விளாட் மன்னனும் வருகிறான். ரத்தக் காட்டேரி என்ற பழியைத் தன் பெயரிலிருந்து துடைக்க வேண்டும் என்பதற்காகவே வந்தவன். தோற்கப்போகிற நேரத்தில் மாஸ்டர் சீலைப் பயன்படுத்தி அவனைக் காட்டேரியாகவே மாற்றுகிறான். மன்னன் கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், உடம்பு கேட்கவில்லை.

நம் கர்ணனும் இங்கேதான் இருக்கிறான். எதிரணியின் லான்சர். கவசமும் குண்டலமும் உண்டு. இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம்தான் அவன் ஈட்டி. இந்த உலகத்தில் செர்வன்டின் பலம் அவன் கதை அந்த மண்ணில் எவ்வளவு தெரியும் என்பதையும் பொறுத்தது. விளாட் ருமேனியாவில் பலசாலியாக இருப்பது அதனால்தான். அயர்லாந்து வீரன் கூ குலின் ஜப்பானில் கொஞ்சம் மங்கித் தெரிவான். அப்படியென்றால் கர்ணனை ருமேனியாவில் இறக்கியது அநியாயம். விடியவிடிய கர்ண மோட்சம் கூத்து நடக்கும் தர்மபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திடலில் இறக்கியிருக்க வேண்டும். பாட்டிமார்கள் அழும் அழுகையிலேயே ஈட்டி தானாக எரியும்.

கர்ணன் இருக்கும் அணியின் மாஸ்டர்களுக்கு ஷிரோ என்ற பாதிரியார் மருந்து கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு, அவர்கள் செர்வன்டுகளின் அதிகாரத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறான். ஃபுயுகி ஷிரோவும் இவனும் வேறு வேறு ஆள். விஷயம் வெளிப்பட்டதும் மற்ற செர்வன்டுகள் ஆளுக்கொரு முடிவெடுக்கிறார்கள். கர்ணன் மட்டும் தன்னை முதலில் வரவழைத்தவரை விடுவதில்லை. மயங்கிக் கிடக்கும் அந்த ஆளின் உயிர் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவன் அக்கறை. ஜப்பானிய ரசிகர்களுக்கு இது மேன்மையான குணமாகத் தெரிந்திருக்கும். செஞ்சோற்றுக் கடன் என்று கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கவே வேண்டாம். அங்க நாட்டைக் கொடுத்த துரியோதனனை, கிருஷ்ணன் வந்து நீ குந்தியின் மூத்த மகன், ராஜ்யமே உனக்குத்தான் என்று சொன்ன பிறகும் விடாதவன் அவன்.

மெடியாவிடம் ஒரு கத்தி உண்டு, மந்திரத்தால் கட்டிய எந்த ஒப்பந்தத்தையும் குத்தி அறுத்துவிடும். அதை வைத்துத்தான் ஒரு கட்டத்தில் சேபரையே தன் பக்கம் இழுக்கிறாள். அந்தக் கத்தியைக் கர்ணனிடம் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அக்கா மகனிடம் கேட்டேன். சீல் போகும், மானாத் தொடர்பு அறும் என்றான். அப்புறமும் அவன் போக மாட்டானே என்றேன். யோசித்துவிட்டு, அதுக்கு ரூல் இல்ல மாமா என்றான். கிருஷ்ணன் கையிலும் அந்த மாதிரிக் கத்திதான் இருந்தது, குந்தி கையிலும் இருந்தது. வேலை செய்யவில்லை.

இவ்வளவுக்கும் செர்வன்டுகள் ஏன் வருகிறார்கள்? பெரும்பாலோருக்குக் கிண்ணத்திடம் கேட்க ஓர் ஆசை இருக்கிறது. அதுதான் கூலி. இங்கேதான் பெரிய மோசடி. சண்டையில் சாகும் செர்வன்டுகளின் ஆன்மாக்கள்தான் கிண்ணத்தை நிரப்புகின்றன. சாதாரண ஆசைக்கு ஆறு போதும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த மூன்று குடும்பங்கள் இதைக் கட்டிய உண்மையான நோக்கத்துக்கு, எல்லா மூலத்துக்கும் மூலமான இடத்தைத் தொடுவதற்கு, ஏழும் வேண்டும். ஜெயித்த மாஸ்டர் கடைசி சீலை வைத்துத் தன் செர்வன்டையும் சாகச் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த டோகியோமி, ஜீரோவில் தோசாகா குடும்பத் தலைவர், அதற்காகவே ஒரு சீலை மிச்சம் வைக்கும் திட்டத்தில் இருக்கிறார். அவருடைய செர்வன்ட் கில்காமெஷ். இந்த விஷயத்தை டோகியோமியின் சீடன் கிரெய் கில்காமெஷின் காதில் போடுகிறான். அப்புறம் டோகியோமியின் முதுகில் கத்தி இறங்குவதும், அது அவரே பரிசாகக் கொடுத்த கத்தி என்பதும் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2015இல் வந்த ஃபேட்/கிராண்ட் ஆர்டர் மொபைல் விளையாட்டில் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிவிட்டார்கள். கல்டேயா என்ற நிலையமே செர்வன்டுகளுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. நாயகன் சாதாரணப் பிள்ளை, நூறு செர்வன்டை வைத்துக்கொள்ளலாம். சீல் தீர்ந்தால் நாளுக்கு ஒன்று தானாக ஊறும். கர்ணன், அர்ஜுனன், ராமன், அசுவத்தாமன் எல்லோரும் உண்டு. எழுத்தும் பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது என்கிறான் பையன். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. யாரும் ரத்தம் கக்காமல் சண்டை நடக்கிறது, எல்லோரும் நாயகனிடம் அன்பாகவே இருக்கிறார்கள். உண்மையில் காசு கொடுக்கிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். வேண்டிய செர்வன்ட் குலுக்கலில் விழும்வரை பணம் கட்டும் பிள்ளைகள். பையன் எவ்வளவு கட்டினான் என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை.

பார்க்க நினைப்பவர்கள் முதலில் 2014இல் வந்த அன்லிமிடெட் பிளேடு வொர்க்ஸ் தொடரைப் பாருங்கள், அப்புறம் ஜீரோ. முறை மாற்றினால் ஸ்டே நைட்டின் ரகசியங்களை ஜீரோ முன்னாடியே உடைத்துவிடும். அபோக்ரிஃபா தனிக் கதை, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். இருபத்தைந்து பாகம், பொறுமை வேண்டும்.